முதல் பிழை பொம்மையோடு போகட்டும்

(மருத்துவக் கல்வியில் கணினியும் பாவனைப் பயிற்சியும் குறித்து, பாறசாலை – நெய்யாற்றிங்கரை எல்லைக் கிராமத் தமிழர் அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1924 ஜூன் 4. எவரெஸ்ட் சிகரத்தின் வடக்குச் சரிவில், எட்டாயிரம் மீட்டருக்கும் மேலிருந்து இருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் எட்வர்டு நார்ட்டன், பின்னால் ஹோவர்டு சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர். பல நாள்களாகக் குளிர்காற்று தின்றிருந்த சாமர்வெல்லின் தொண்டைச் சவ்வு அந்த நேரத்தில் கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. உள்மூச்சும் இல்லை, வெளிமூச்சும் இல்லை. முன்னால் போகிறவரைக் கூப்பிடக் குரலும் எழவில்லை. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் தம் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு திரும்பியது.

அந்த மனிதரின் பெயர்தான் இந்த மண்ணில், காரக்கோணத்தில், 2002இல் தொடங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. 1922 மலைப்பயணம் முடிந்து தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய வாழ்க்கையை விட்டுவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் நெய்யூரில் கத்தி பிடித்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார்.

தொண்டை அடைத்தவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு அன்று வகுப்பு ஏதும் கிடையாது. வயிற்றை அழுத்தி அடைப்பை வெளியேற்றும் முறையை ஹென்றி ஹைம்லிக் வெளியிட்டதே 1974இல்தான். சாமர்வெல் தம் உயிரையே பணயம் வைத்து ஒரு நொடியில் கண்டுகொண்டதை இன்று பதினெட்டு வயது மாணவர் ஒரு பொம்மையின் மீது பத்துமுறை, இருபதுமுறை செய்து பழகலாம். தவறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பொம்மையைப் பற்றியும், அதன் பின்னால் வந்த கணினியைப் பற்றியும், இந்த எல்லை மக்களுக்கு அவற்றால் என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றியும்தான் இந்த உரை.

யாருடைய உடம்பில் படித்தார்கள்?

மருத்துவம் புத்தகத்தில் மட்டும் படிக்கிற படிப்பு அல்ல. கை பழக வேண்டும். கை பழக உடம்பு வேண்டும். யாருடைய உடம்பு என்ற கேள்வியை மருத்துவ வரலாறு வெகுநாள் சத்தமாகக் கேட்டதில்லை.

எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். கொல்லப்பட்டவர்கள் தேடுவாரற்ற ஏழைகள். நாடு அதிர்ந்தது. 1832இல் சட்டம் வந்தது. உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தரலாம் என்றது அது. அப்படிப்பட்ட உடல்கள் எங்கிருந்து வரும்? ஏழை விடுதிகளிலிருந்தும் ஏழைகளின் ஆஸ்பத்திரிகளிலிருந்தும்தான். கொலை நின்றது, ஏழையின் உடம்பில் படிப்பது நிற்கவில்லை.

நம் பக்கத்துக் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் வைத்தியம் தொடங்கினார். 1860களில் டாக்டர் ஜான் லோ அங்கேயே உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். அவர்கள் கற்றது இலவச வைத்தியம் தேடி வந்தவர்களின் படுக்கையோரத்தில். திருவனந்தபுரம் பெரியாஸ்பத்திரியானாலும் வேறெந்த ஊர் தர்மாஸ்பத்திரியானாலும் இதுதான் நடைமுறை. மருந்துக்குக் காசு வாங்காத இடத்தில் நோயாளி வேறொரு விலை கொடுத்தார். பழகாத கையின் முதல் ஊசியை, முதல் தையலைத் தாங்கிக்கொண்டார்.

இதைச் சொல்வது அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல அல்ல. வேறு வழி இருக்கவில்லை. அவர்கள் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் வழி ஒன்று திறந்த பிறகும் பழைய வழியிலேயே போவது சரியா என்று கேட்டாக வேண்டும்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் எந்தப் பொது வார்டிலும் நடப்பது. எழுபது வயதுப் பாட்டி, தோல் காகிதம்போல. புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன் நரம்பு ஊசி போட வருகிறார். கையில் ரப்பர் பட்டையைக் கட்டித் தட்டிப் பார்க்கிறார். முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. இரண்டாம் குத்தில் நரம்பு உடைந்து தோலுக்கடியில் நீலம் பாய்கிறது. மூன்றாவதற்கு மற்றக் கை. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், வாய் திறக்கவில்லை. பணம் கட்டிப் படுத்திருப்பவர் "பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுவார். பாட்டிக்கு அப்படிச் சொல்லலாம் என்பதே தெரியாது. அந்த மூன்று குத்தில் முதல் இரண்டையாவது ஒரு ரப்பர் கை வாங்கியிருக்கலாம்.

சுரைக்காயும் துணிப்பொம்மையும்

பொம்மையில் பழகுவது மேற்கிலிருந்து நேற்று வந்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எல்லா நூலும் படித்தவனானாலும் கை பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் நிலைப்பாடு. கீறுவதற்குப் பூசணி, சுரை, வெள்ளரி. குத்தி நீர் வடிப்பதற்குத் தண்ணீரும் சேறும் நிரப்பிய தோல் பை. நரம்பு திறப்பதற்குத் தாமரைத் தண்டும் செத்த விலங்கின் இரத்தக்குழாயும். தைப்பதற்குத் தடித்த துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடப் பழக மனித வடிவில் செய்த துணிப்பொம்மை. ஒவ்வொரு செயலுக்கும் ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்று ஸ்கில் லேப் என்னும் திறன் பயிற்சிக்கூடம் அமைப்பவர்கள் செய்வதும் இதே தேர்வைத்தான்; பொருள்தான் மாறியிருக்கிறது.

ஐரோப்பாவில் இதே யோசனை ஒரு மருத்துவச்சியிடமிருந்து வந்தது. பிரான்சின் மதாம் டு கூட்ரே துணி, தோல், பஞ்சு கொண்டு பெண்ணின் இடுப்பையும் கர்ப்பப்பையையும் ஆளளவில் செய்தார். உள்ளே வைத்து வெளியே எடுக்க ஒரு துணிக்குழந்தை. 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயி கிராமங்களுக்குப் போய்க் கற்பிக்க அவருக்கு ஆணை தந்தார். கால் நூற்றாண்டு ஊர் ஊராகப் போய், எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர் செய்த பொம்மை ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

திருவிதாங்கூரில் இந்தப் பணியில் இறங்கியவர்களில் ஒருவர் டாக்டர் மேரி பூணன் லூக்கோஸ். 1916இல் லண்டன் படிப்பு முடித்துத் திரும்பித் தைக்காடு ஆஸ்பத்திரியின் மகப்பேறு பிரிவை ஏற்றார். ஊர் மருத்துவச்சிகளை விரட்டாமல் அவர்களுடைய பிள்ளைகளையே அழைத்துப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். பழைய கையையும் புதிய அறிவையும் ஒரே வீட்டுக்குள் சேர்த்துவைத்தார். சாதனம் வாங்குவதைவிட யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று அவர் புரிந்துவைத்திருந்தார்.

பொம்மைக்கு மூச்சு வந்தது

இன்றைய பயிற்சிப் பொம்மையின் பிறப்பு நார்வேயில். ஸ்டாவங்கர் நகரத்தில் அஸ்முண்டு லேர்டால் என்ற பொம்மை வியாபாரி இருந்தார். மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைப் பொம்மைகள் செய்வது தொழில். இரண்டு வயது மகன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கப் பார்த்தான். தகப்பன் இழுத்தெடுத்துப் பிழைக்கவைத்தார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறையைப் பரப்பிக்கொண்டிருந்த டாக்டர் பீட்டர் சபாரும் மற்ற மருத்துவர்களும் பயிற்சிக்கு ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டபோது, அந்தத் தகப்பனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1960இல் 'ஆன்' பொம்மை வந்தது. நெய்யாற்றில் இறங்கிய பையனையும் பூவாறு பொழிமுகத்தில் அலை இழுத்துக்கொண்டவரையும் பார்த்திருக்கும் நம் ஊர்களுக்கு அந்தப் பொம்மையின் அருமை புரியும்.

விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு இந்த யோசனை அதற்கும் முன்பே கைகூடியிருந்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே 1929இல் தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் ஒரு போலி விமானத்தைச் செய்தார். 1934இல் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் பனிமூட்டத்தில் அடுத்தடுத்து விழுந்து மடிந்த பிறகுதான் ராணுவம் அந்தக் கருவியை வாங்கியது. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒருவர் விமானம் ஓட்டப் பழகுவதை இன்று யாராவது ஒப்புக்கொள்வார்களா? மருத்துவத்தில் மட்டும் அதை ஏன் ஒப்புக்கொண்டோம்?

கணினி 1967இல் உள்ளே நுழைந்தது. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஆபிரகாம்சனும் டாக்டர் ஜட்சன் டென்சனும் 'சிம் ஒன்' என்ற பொம்மையை உருவாக்கினார்கள். அது மூச்சுவிட்டது, கண் சிமிட்டியது, நாடி துடித்தது, கொடுத்த மருந்துக்கு ஏற்றபடி மாறியது. அடுத்த ஆண்டே மயாமியில் டாக்டர் மைக்கேல் கார்டன் 'ஹார்வி'யைக் காட்டினார். பலவகை இதய நோய்களின் ஓசைகளை மாணவர் ஸ்டெதஸ்கோப் வைத்து அதன் மார்பில் கேட்கலாம். அபூர்வமான ஓர் ஓசையைக் கேட்க அந்த நோயோடு ஒருவர் வார்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வந்தவரை நாற்பது மாணவர் மாறி மாறித் தொட்டுச் சோர்வடையச் செய்யவும் வேண்டாம்.

இப்போது இந்தியாவில் இது விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல. 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. எவ்வளவு படித்தாய் என்பதிலிருந்து என்ன செய்யத் தெரியும் என்பதற்கு அதன் எடை நகர்ந்தது. 2020இல் வெளிவந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகள் எல்லா மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும் என்றன. 150 மாணவர் சேரும் கல்லூரிக்குக் குறைந்தது 600 சதுர மீட்டர். நோயாளியைப் பரிசோதிக்கும் பாவனைக்கு நான்கு அறைகள், பிறகு உட்கார்ந்து பேச ஓர் இடம், செய்ததைப் படமெடுத்துத் திரும்பப் பார்க்க வசதி. ஊசிக்கு, தையலுக்கு, மூத்திரக் குழாய் செருகுவதற்கு, பிரசவத்துக்கு, பச்சிளங்குழந்தைக்கு மூச்சு கொடுப்பதற்கு, விபத்துக் காயத்துக்குத் தனித்தனி மாதிரிகள். விதி எழுத்தில் இருக்கிறது. அந்த அறையின் கதவு வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

திறந்திருக்கும் ஓர் அறைக்குள் பார்ப்போம். தரையில் பொம்மை கிடக்கிறது. மாணவி மண்டியிட்டு, ஒரு கையின்மேல் மறுகை கோத்து, முழங்கை மடங்காமல் மார்பெலும்பின் கீழ்ப்பாதியை அழுத்துகிறார். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6க்கு மேல் போகக் கூடாது. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. பக்கத்திலுள்ள திரையில் ஒரு கோடு ஏறி இறங்குகிறது. போதிய ஆழம் போனால் பச்சை, போகாவிட்டால் மஞ்சள். நாற்பது விநாடியில் பச்சையாக இருந்தது ஒரு நிமிடம் ஆனதும் மஞ்சளாகிறது. தோள் தளர்ந்துவிட்டது, ஆனால் அவருக்குத் தெரியவில்லை, சரியாகத்தான் அழுத்துகிறோம் என்று நினைக்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று புத்தகத்தில் படித்த வரி அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்த பிறகுதான் உடம்பில் பதிகிறது. வார்டில் உயிர் போய்க்கொண்டிருக்கும் மனிதர்மேல் இந்தப் பாடத்தைப் படிக்க முடியாது. அங்கே திரையும் கிடையாது, பச்சைக் கோடும் கிடையாது.

நோயாளிக்கு என்ன கிடைத்தது?

பொம்மையில் கெட்டிக்காரராவது பெரிதல்ல. நோயாளிக்கு நன்மை கிடைத்ததா என்று கேட்க வேண்டும். கிடைத்தது என்பதற்குக் கணக்குகள் உண்டு.

2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 இளம் அறுவை மருத்துவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் கணினித் திரையில் மெய்நிகர் முறையில் பயின்ற பிறகு பித்தப்பை அறுவை செய்தார்கள். மறுபாதிக்கு அந்தப் பயிற்சி இல்லை. திரையில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாகப் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது.

சிகாகோவில் பெரிய இரத்தக்குழாயில் குழாய் செருகுவதைப் பொம்மையில் தேறிய பிறகே நோயாளியிடம் செய்யவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தக் குழாய் வழியே வரும் இரத்தத் தொற்று ஆயிரம் குழாய்-நாளுக்கு 3.2 என்பதிலிருந்து 0.5ஆகக் குறைந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆஸ்பத்திரியில், பிரசவத்தில் தலை வந்து தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை மருத்துவரும் தாதியரும் ஒன்றாகப் பொம்மையில் பழகினார்கள். அப்படிச் சிக்கிய குழந்தைகளில் காயமடைந்தவர்கள் நூற்றுக்கு 9.3 பேர் என்றிருந்தது 2.3ஆகியது. குழந்தையின் கை வாழ்நாள் முழுதும் தொங்கிப்போகாமல் காப்பது இது.

எச்சரிக்கையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தான்சானியாவின் ஹைடம் கிராமப்புற ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைக்கு மூச்சு கொடுக்க ஒருநாள் பயிற்சி நடந்தது. ஏழு மாதம் கழித்துச் சோதித்தார்கள். பொம்மையிடம் பெரும்பாலோர் நன்றாகச் செய்தார்கள். பிரசவ அறையில் எந்த மாற்றமும் இல்லை! பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறைப் பக்கத்திலேயே வைத்து, வேலைக்கு நடுவே சில நிமிடம், அடிக்கடி. அதற்குப் பிறகுதான் பிறந்த முதல் நாளிலேயே இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2ஆகக் குறைந்தார்கள். பொம்மை அதே பொம்மைதான். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்ததும் கைக்கெட்டும் இடத்தில் வைத்ததும்தான் வேறுபாடு.

நம் கல்லூரிகளும் தாலுகா ஆஸ்பத்திரிகளும் மனத்தில் ஏற்ற வேண்டிய பாடம் இது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிப் படமெடுத்த விலையுயர்ந்த பொம்மை தூசி படிந்து கிடப்பதைவிட, பிரசவ வார்டின் மூலையில் வாரம் இருமுறை யாராவது தொடும் சாதாரணப் பொம்மை மேல்.

திரை எவ்வளவு தூரம் வரும்?

டிஜிட்டல் பலகையில் உடலை அடுக்கடுக்காகத் திறந்து பார்க்கலாம். நரம்பு மட்டும் வேண்டுமா, எலும்பு மட்டும் வேண்டுமா, விரலால் தள்ளினால் போதும். கண்ணாடி அணிந்து மெய்நிகர் அறுவை அரங்குக்குள் நிற்கலாம். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது, ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் சிக்னல் கிடைக்கும் திண்ணையில் உட்கார்ந்து மாணவர்கள் கைப்பேசியில் பாடம் கேட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் கேரளத்தில் இ-சஞ்சீவனி தொடங்கி, மருத்துவர் திரை வழியாக நோயாளியைப் பார்க்கத் தொடங்கினார். தொடாமல், கேட்டே நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை மருத்துவருக்குப் புதிதாக வந்து சேர்ந்தது.

திரை தர முடியாததும் ஒன்று உண்டு. வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பும் அந்த மென்மை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வயிறு கைபட்டதும் இறுகுவது. தொட்டால்தான் தெரியும் அவை. ஆகவே திரையும் பொம்மையும் நோயாளியின் இடத்தைப் பிடிக்க வந்தவையல்ல. படுக்கையருகே போவதற்கு முன்னால் மாணவர் தங்கிப் பழகிப்போகும் இடைவழி அவை.

செலவும் ஒரு தடை அல்ல. தையல் பழக வாழைப்பழத் தோல் போதும் என்பதை மருத்துவ மாணவர் அறிவார்கள். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே கைப்பேசிக் கேமராவை வைத்து, திரையைப் பார்த்தபடி கருவி பிடிக்கப் பழகும் பெட்டிகளைப் பல நாட்டு மாணவர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். பனச்சமூடு சந்தையில் கிடைக்கும் பூசணியும் வெள்ளரியும் சுசுருதர் காலத்தில் எதற்குப் பயன்பட்டனவோ அதற்கு இன்றும் பயன்படும்.

எல்லையின் சொல்

இந்த அவைக்கென்றே சொல்ல வேண்டிய விஷயம் இனிதான் வருகிறது.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது. நெய்யாற்றிங்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது காகிதத்தில். உறவு, சந்தை, சபை, ஆஸ்பத்திரி எதுவும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. களியக்காவிளையில் பஸ் ஏறியவர் பாறசாலையில் இறங்கி ஓபி சீட்டு எடுக்கிறார். வெள்ளறடைக்காரர் ஆசாரிப்பள்ளத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். காரக்கோணம் போன்ற எல்லையோரக் கல்லூரியில் படிக்க வருபவர் கண்ணூரிலிருந்தும் வரலாம், கோட்டயத்திலிருந்தும் வரலாம். அவர் எதிரே உட்காரும் நோயாளி பேசுவது இந்த ஊர்த் தமிழ்.

இரண்டு மொழியும் உறவு மொழிகள். அதுதான் ஆபத்து. புரியாத மொழியென்றால் திரும்பக் கேட்பார்கள். புரிந்ததுபோல் இருப்பதால் கேட்பதில்லை. 'பனி' என்றால் மலையாளத்தில் காய்ச்சல். மதுரை மாணவர் காதில் அது மார்கழிக் குளிர். 'வலிவு' என்றால் மலையாளத்தில் இழுப்பு, மூச்சுத் திணறல். தமிழில் 'வலி' என்றால் நோவு. 'நீரு' மலையாளத்தில் வீக்கம். "எனக்கு நீரு சரியாப் போகல" என்று தமிழ்ப் பெரியவர் சொல்வது சிறுநீரைப் பற்றி. 'மயக்கம்' ஒருவருக்குத் தலைசுற்றல், இன்னொருவருக்கு நினைவு தப்புதல், மூன்றாமவருக்கு உறக்கக் கலக்கம். "நெஞ்சு அடைக்குது" என்று ஒருவர் சொன்னால் அது மாரடைப்பின் அழுத்தமா, இழுப்பின் திணறலா, மனத்தின் பாரமா? அடுத்த கேள்வி கேட்கத் தெரிந்தவரே பிரித்தறிய முடியும். கேஸ் ஷீட்டில் முதல் சொல் தவறாக விழுந்தால், பின்னால் எழுதுவதெல்லாம் அந்தத் தவறின் மேல்தான் நிற்கும்.

இதற்கும் பாவனைப் பயிற்சியில் இடம் உண்டு. 1963இல் தெற்கு கலிபோர்னியாவில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸ், நோயில்லாத ஒரு பெண்ணுக்குக் கால் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பயிற்சி தந்தார். எல்லா மாணவருக்கும் அவர் ஒரே கதையைச் சொல்வார், ஒரே இடத்தில் நோவு காட்டுவார். முடிந்ததும், இந்த மாணவர் என்னிடம் எப்படிப் பேசினார் என்று ஆசிரியரிடம் சொல்வார். அன்று பலர் முகம் சுளித்தார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் கட்டம் கட்டமாக நகரும் செய்முறைத் தேர்வை அமைத்தார். இன்று பல இடங்களில் அந்தத் தேர்வில் நடிப்பு நோயாளியும் இருக்கிறார். நம் நாட்டின் புதிய பாடத்திட்டமும் அணுகுமுறை, அறநெறி, பேச்சு ஆகியவற்றைத் தனிப் பாடமாக வைத்திருக்கிறது.

அப்படியானால் இந்த ஊரில் நோயாளியாக நடிக்க வேண்டியவர் யார்? பொழியூர் மீன்காரப் பெண். வெள்ளறடையில் ரப்பர் வெட்டும் தொழிலாளி. அமரவிளையில் பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர். தங்கள் தமிழில், தங்கள் அம்மாவும் பாட்டியும் நோவைச் சொன்ன வார்த்தைகளில் அவர்கள் சொல்ல வேண்டும். மாணவர் தவறாகப் புரிந்துகொண்டால், "இல்ல மக்களே, நான் அதச் சொல்லல" என்று திருத்த வேண்டும். தர்மாஸ்பத்திரிப் படுக்கையில் வாய் திறக்காமல் ஊசி வாங்கிய பாட்டியின் பேத்தி, அந்த அறையில் ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்வார்.

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியாது என்று யாராவது சொன்னால் மானிப்பாயைச் சொல்லலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்' (1867) போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பிறநாட்டார் ஒருவர் நோயாளியின் மொழிக்குள் இத்தனை தூரம் வந்தார் என்றால், கண்ணூர் மாணவர் நூறு சொல் தூரம் வர மாட்டாரா?

இங்கே தொடங்கக்கூடியவை

பெரிய பணம் இல்லாமல் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, பொம்மை கல்லூரி வளாகத்தை விட்டு வெளியே வர வேண்டும். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் விபத்து – அவசர சிகிச்சைப் பயிற்சி மையம் இருக்கிறது. மருத்துவர், தாதியர், ஆம்புலன்ஸ் பணியாளர் அங்கே பொம்மைகளில் பயில்கிறார்கள். 2019இல் கேரளத்தில் 'கனிவ்' 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் அமரவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே பைக் சரிந்தால் முதலில் ஓடி வருவது ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும்தான். பொழிமுகத்தில் ஆளை இழுத்தெடுப்பது வலைக்காரர். தென்னையிலிருந்து விழுந்தவரைத் தூக்குவது பக்கத்துத் தோட்டத்துக்காரர். கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம் என்று தெரியாமல் இருபுறமும் கைகோத்து உட்காரவைத்துத் தூக்கிவிடுகிறார்கள். அதைத் திருத்த ஒரு பொம்மையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் போதும். ஒருமுறையோடு நிற்காமல் அடிக்கடி திரும்ப வர வேண்டும் என்பதை ஹைடம் சொல்லித் தந்திருக்கிறது.

இரண்டாவது, பொது வார்டுக்கு ஒரு நெறி வேண்டும். பொம்மையில் தேறாத கை நோயாளியின் உடம்பைத் தொடக் கூடாது. இலவசப் படுக்கை என்பதற்காக இதில் விலக்கு கூடாது. பயிற்சி மாணவர்தான் செய்யப்போகிறார் என்றால் அதை நோயாளியின் மொழியில் சொல்லி, அவர் தலையசைத்த பிறகு செய்ய வேண்டும்.

மூன்றாவது, சொற்கள். இந்த ஊர்களில் நோவையும் நோயையும் உடம்பின் உறுப்பையும் மக்கள் என்ன பெயரால் சொல்கிறார்கள் என்று சேகரிக்க வேண்டும். அவர்கள் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து, புதிதாக வரும் மாணவர் கைப்பேசியில் கேட்கும்படி கொடுக்க வேண்டும். நடிப்பு நோயாளிகளுக்கான கதைகள் அதிலிருந்தே எழுதப்படும். கணினி எவ்வளவு வளர்ந்தாலும் இந்தச் சொற்களை அதற்கு யாரோ ஒருவர் முதலில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வேலை இன்று மாலையே தொடங்குகிறது. வாசல் மேசையில் கோடு போட்ட ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இழுப்புக்கும் வீக்கத்துக்கும் கிறக்கத்துக்கும் சொல்லும் சொல்லை, ஊர்ப்பெயரோடு ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராத பெரியவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள, மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.